திரும்பி வந்த டின்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு டின் திரும்பி வந்திருக்கிறது,
கோத்தகிரி பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்,
மூடிமேல் ஒட்டிய சீட்டோடு:
"போன தடவை வந்தது பொன் நிறம்.
இது கருப்பட்டிப் பாகு. கசக்கவும் செய்கிறது.
கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல?
இப்படிக்கு, கனகசபாபதி."

கரண்டியை விட்டு எடுத்து நாக்கில் வைத்தேன்.
முதலில் இனிப்பு,
எந்தத் தேனும் சொல்வதைத்தான் அதுவும் சொன்னது.
பிறகு நாக்கின் ஓரங்கள் இழுத்துக்கொண்டன,
நாவற்பழம் தின்று ஊதாவாகிப்போன வாய்போல.
விழுங்கியபின், வெகு கீழே,
கடுக்காய்.

கலப்படம் இல்லை ஐயா.
பதிவேட்டில் இருக்கிறது:
மசணன். வைகாசி பதினொன்று.
குஞ்சப்பனைக்குக் கீழே, மூன்றாம் பாறை.
மலைத்தேனீ. இருபத்திரண்டு கிலோ.
நிறம் என்ற கட்டத்தில் நான்தான் எழுதியிருக்கிறேன்
"ராத்திரி" என்று.
ரெஜினா மேடம் அதை அடித்து
"அடர் பழுப்பு" ஆக்கியிருக்கிறார்.

ஜன்னல் விளிம்பில் மாதிரி பாட்டில்கள்.
வெயில் விழும்போது ஒவ்வொன்றிலும் ஒரு மணி அடிக்கிறது.
காப்பித் தோட்டத்தை ஒட்டி எடுத்தது
காலை ஆறரை:
ஒரு மழைக்குப் பூத்து ஒரு வாரத்தில் உதிர்வதை
ஓடி ஓடிச் சேர்த்த வெளிறல்.
கற்பூர மரத்துத் தேனுக்கு மணி பத்து.
முகர்ந்தால், யாரோ சளிக்குத் தைலம் தேய்த்துக்கொண்ட
சாத்திய அறை.
சில்வர் ஓக், சாயங்காலம்.
தேயிலைக்கு பாட்டில் இல்லை.
கண்ணுக்கு எட்டும்வரை தேயிலைதான்,
கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே இருந்தால்
செடி எப்போது பூக்கும்?

குறிஞ்சிக்கும் இல்லை.
எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்,
போனில், நேரில், புதிதாய்க் கல்யாணமானவர்கள் கைகோத்தபடி.
பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் என்றால்
"பரவாயில்லை, அரைக் கிலோ போதும்" என்கிறார்கள்.

ரெஜினா மேடம் சொல்கிறார்: கலந்துவிடலாம்.
கறுப்பு ஒரு பங்கு, வெளிறியது மூன்று.
வருஷம் முழுக்க ஒரே நிறம், ஒரே ருசி.
இரண்டும் தேன்தானே, இதில் பொய் எங்கே?
கடைக்காரர்கள் விட்டுப்போனால்
மசணனுக்கு யார் பணம் தருவது?

நியாயம்தான்.
ஒரு டம்ளரில் கலந்தும் பார்த்தேன்.
அழகான நிறம்.
யாரும் சீட்டு ஒட்டமாட்டாத நிறம்.
ருசித்தேன்.
இனித்தது.
அவ்வளவுதான், இனித்தது.
மரம் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மசணன் பாக்கி வாங்க வந்தார்.
இந்தத் தடவை ஏன் இவ்வளவு கசப்பு என்று கேட்டேன்.
நோட்டுகளை எண்ணிக்கொண்டே, நிமிராமல்:
"எல்லா வருஷமும் இருக்கிறதுதான்.
கறுப்பை நாங்க வச்சுக்குவோம்,
மஞ்சளை உங்களுக்குத் தருவோம்.
பொண்ணைக் காலேஜில சேர்த்தேன்,
அதான் இந்தத் தடவை அதையும் கொண்டாந்தேன்."
எண்ணுவது விட்டுப்போய்
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கனகசபாபதி ஐயாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
மூன்று தாள் கிழித்தேன்.
அந்த வீட்டுப் பானையிலிருந்து உங்கள் கடைக்கு வந்த
முதல் தேன் இது என்று எப்படி எழுத?
பரிதாபம் போலத் தெரியும்.
பரிதாபத்தை யாரும் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை.

டின்னைச் சிறு பாட்டில்களில் ஊற்றினோம்.
அச்சடித்த லேபிளில் "சுத்தமான மலைத்தேன்" என்பதற்குக் கீழே
விரலளவு இடம் இருந்தது.
மார்க்கரால் எழுதினேன்:
"நாவல், கொஞ்சம் கடுக்காய். கசக்கும்."
விலையில் முப்பது ரூபாய் ஏற்றினேன்.

ரெஜினா மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்.
பேனாவின் மூடியைக் கழற்றினார்.
"கசக்கும்" மேல் முனை கொஞ்ச நேரம் நின்றது.
அதை விட்டுவிட்டு
முப்பதை மட்டும் அடித்து
பதினைந்து ஆக்கினார்.